பெயர் எழுத அஞ்சலாமா?

"பெயர் எழுத வந்திருக்கிறார்கள்" என்ற சொல் தோட்டத்து மக்களின் காதில் நல்ல சொல்லாக விழுந்ததில்லை. காரணம் உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1942, 43ஆம் ஆண்டுகளில், தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிச் சென்ற நம்மவர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. அந்தப் பயம் பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் வந்திருக்கிறது. அதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் அந்தப் பயத்தாலேயே நம் பிள்ளைகள் இன்று கெட்டுப் போகக் கூடாது என்கிறோம்.

நாட்டைக் காப்பது நமக்குப் புறம்பான காரியமன்று. 1964 ஆகஸ்டு 17-இல் பொந்தியானிலும், செப்டம்பர் 2-இல் லாபீஸ் வட்டாரத்திலும் இந்தோனேசியப் படையினர் வந்திறங்கினர். ஜோகூருக்கு ஆபத்து வந்தால் அது நம் லயத்து வாசல் வழியாகத்தான் வரும்.

தேசிய சேவைப் பயிற்சி 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2004-இல் தொடங்கியது. பதினெட்டு வயதினரைக் கணினி பொறுக்கியது. மூன்று மாத முகாம். 2018-இல் அதை நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது 45 நாளாக்கி, பெரும்பகுதியை அடிப்படை இராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கினார்கள்.

முன்னைய திட்டம் நடந்த நாளில், மகனுக்கு வந்த கடிதத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்த ஒரு தாயை நாம் அறிவோம். மகன் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆயினும், அழைத்தும் வராதவனுக்கு மூவாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது சட்டம். தவணை கேட்டு மனுச் செய்யவும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஒளித்தவளுக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவுமில்லை. அதுவே நம் குறை.

இளைஞர்கள் ஒன்றை விளங்கிக் கொள்ள வேண்டும். பயிற்சிக்குப் போவது வேறு, பட்டாளத்தில் சேர்வது வேறு. முன்னது முடிந்தால் வீடு திரும்பலாம். பின்னது, தானே மனுப் போட்டு, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு ஏற்கும் உத்தியோகம். வேலையை விடாமலே பயில விரும்புவோருக்கு அஸ்கார் வத்தானியா என்னும் தொண்டர் படை இருக்கிறது. வேறு வழியில்லையென்று பட்டாளத்துக்குப் போக வேண்டாம். விரும்பினால் தலைநிமிர்ந்து போகட்டும்.

பாலத்துக்கு அப்பால் சட்டம் வேறு. சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாய சேவை உண்டு. பெற்றோர் வழியாக அங்கே நிரந்தரவாசம் பெற்ற பையன் பதினாறரை வயதில் பதிந்து, பின்னர் ஈராண்டு சேவை செய்ய வேண்டும். செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ மனுப் போடும்போது அது குறுக்கே நிற்கும். வேலை பெர்மிட்டில் மட்டும் போய் வருவோரின் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. மகனின் பெயரில் நிரந்தரவாசம் கேட்கும் முன் தகப்பனார் இதை யோசிக்க வேண்டும்.

கிராணிமார்களை ஒன்று கேட்கிறோம். அரசாங்கக் கடிதம் வந்தால் அதை வீட்டாருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். தவணை மனு எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாள அட்டை இல்லாத பிள்ளை லயத்தில் இருந்தால், இன்றே சங்கத்துக்குத் தெரிவியுங்கள். அட்டையில்லாதவனைப் பயிற்சி மட்டுமல்ல, பரீட்சையும் உத்தியோகமும் தேடி வரா.

நிர்வாகங்களுக்கும் சொல்கிறோம். பயிற்சிக்குப் போன பையன் திரும்பும்போது அவன் வேலையும், அவன் வீட்டார் குடியிருக்கும் லயத்து வீடும் அப்படியே இருக்குமென்று எழுத்தில் கொடுங்கள். 45 நாள் கூலி இல்லாமல் போகும் குடும்பத்துக்கு அரசாங்கம் வழி காட்ட வேண்டும். பிள்ளையை நாடு கேட்கலாம். அவன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கலாகாது.