மலிவு யாருக்கு? தென் தாய்லாந்துக்கு ஒரு பட்ஜெட்

மூங்கில் குடில், அதுக்கு முன்னால ஒரு வலை ஊஞ்சல், பின்னால பனி மூடின சுண்ணாம்புக்கல் மலை. விமான ரிக்கெற் கொஞ்சம் மலிஞ்சால் போதும், எங்கட வட்ஸ்அப் குழுக்களில் இந்தப் படம் சுற்றத் தொடங்கிவிடும். கீழே ஒரு வரி: "தாய்லாந்து ஈக்கோ ரிசோட், நம்ப மாட்டீங்கள், அவ்வளவு மலிவு!" நாங்களும் அப்படியொரு பயணத்துக்குத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். நாலு பேர், ஆறு இரவு, தெற்கில் ஒரு கிராமம். கணக்குப் போடப் போட எங்களுக்கு ஒன்று விளங்குகிறது. பட்ஜெட்டில் எந்த வரியை வெட்டுகிறோம், எந்த வரியைத் தொடாமல் விடுகிறோம் என்பதில்தான் எங்கட அரசியல் தெரியும்.

முதலில் கணக்கையே பார்ப்போம். 2025இல் ஒரு பாத் கிட்டத்தட்ட 9 ரூபாவாக இருந்தது. 2022இல் ரூபா விழுவதற்கு முதல் அது ஆறு ரூபாவுக்குக் கிட்ட இருந்தது. அதனால் வெள்ளைக்கார யூடியூபர்கள் "மலிவு" என்று சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. அவர்களுக்குச் சில்லறை, எங்களுக்கு ஒரு நாள் உழைப்பு.

நாங்கள் தெரிவுசெய்திருப்பது சூரட் தானி மாகாணத்தில் உள்ள காவோ சொக் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமம். பாங்கொக்கிலிருந்து இரவு ரெயினில் சூரட் தானி போகலாம், ஏறத்தாழ 650 கிலோமீற்றர். 2023 ஜனவரியிலிருந்து தெற்குக்கான தூர ரெயின்கள் பழைய ஹுவா லம்பொங் நிலையத்திலிருந்து புறப்படுவதில்லை, பாங் சூவில் உள்ள புதிய பெரிய நிலையத்திலிருந்துதான் புறப்படும். பழைய பதிவுகளை வாசித்துவிட்டுப் பிழையான நிலையத்தில் போய் நிற்காதீங்கோ. இன்னொன்று, சூரட் தானி என்ற பெயரில் நீங்கள் இறங்குகிற நிலையம் நகரத்திலேயே இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளிப் புன்பின்னில் இருக்கிறது. காவோ சொக்குக்குப் போகிறவருக்கு அதுவே வசதி.

ஒருவருக்கு, விமானச் செலவு தவிர்த்து, நாங்கள் போட்ட உத்தேசக் கணக்கு இது. ரெயின் படுக்கை போக வர 1,800 பாத். சூரட் தானியிலிருந்து வான் போக வர 500. மின்விசிறி மட்டும் உள்ள இருவர் குடில், ஒருவரின் பங்கு ஒரு இரவுக்கு 300 என்று ஆறு இரவுக்கு 1,800. சாப்பாடு ஏழு நாளுக்கு 2,100. படகு, வழிகாட்டி, பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,000. கைக்காவலுக்கு 800. மொத்தம் 9,000 பாத், எங்கட காசில் ஏறத்தாழ 81,000 ரூபா. இரண்டு இரவை ரெயினிலேயே கழிப்பதால் இரண்டு நாள் அறைக்காசு மிச்சம்.

இந்தக் கணக்கில் அறை, சாப்பாடு, படகு மூன்றையும் கூட்டினால் 5,900 பாத். கிராமத்திலேயே நேரடியாகக் கொடுத்தால் எங்கட செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த ஊருக்குள்ளே போகும். இதையே பாங்கொக்கிலோ புக்கெற்றிலோ ஒரு பொதியாக வாங்கினால் இடையில் எத்தனை கை நக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அறை பதிவுசெய்யிற பெரிய இணையத்தளங்கள் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து அளவில் தரகு எடுக்கின்றன. எங்கட அறைக்காசில் அது 270 பாத். தாய்லாந்தில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி மாகாணத்துக்கு மாகாணம் 337இலிருந்து 400 பாத் வரை. அதாவது ஒருத்தரின் பதிவிலேயே ஒரு தொழிலாளியின் நாட்கூலியில் பாதிக்கு மேல தரகாய்ப் போகிறது. தளத்தில் இடத்தைக் கண்டுபிடியுங்கோ, பிறகு அந்தக் குடும்பத்துக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கோ. பெரும்பாலான சிறிய இடங்கள் பதில் போடும்.

இங்கேதான் எங்கட பழக்கம் ஒன்றைப் பற்றிக் கதைக்கவேண்டும். "பேரம் பேசினால் இன்னும் நூறு குறைப்பான்" என்று பெருமையாகச் சொல்லுகிற பழக்கம். குறைக்கிற அந்த நூறு பாத், மேலே சொன்ன நாட்கூலியில் காற்பங்கு அல்லது அதற்கும் மேல். சந்தையில் ரீசேட் வாங்கேக்க பேரம் பேசுங்கோ, அது அங்கே விளையாட்டின் ஒரு பகுதி. நாலு குடில் வைத்திருக்கிற ஒரு குடும்பத்திடமும் காடு காட்டுகிற வழிகாட்டியிடமும் வேண்டாம். தென் தாய்லாந்தின் றப்பர்த் தோட்டங்களிலும் மீன்பிடியிலும் கட்டட வேலையிலும் ரிசோட்டுகளிலும் மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். வாடகை விழும்போது முதலில் வெட்டு விழுவது அப்படியானவர்களின் சம்பளத்தில்தான். வெளிநாட்டில் பாத்திரம் கழுவிக் காசு அனுப்பின மாமாக்களும் சித்தப்பாக்களும் உள்ள சமூகம் நாங்கள். இதை எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்ப எதை வெட்டுவது? தூரத்தை வெட்டுங்கோ. ஏழு நாளில் புக்கெற், கிராபி, பீ பீ தீவு, சமுயி என்று ஓடுகிற ஆளுக்குப் படகுக்கும் வானுக்குமே காசு கரையும். ஒரே ஊரில் ஆறு இரவு தங்கினால் போக்குவரத்துச் செலவு விழுந்துவிடும், புகையும் குறையும், கடைக்கார அன்ரிக்கு உங்கட முகமும் பழகிவிடும். குளிரூட்டியை வெட்டுங்கோ. காட்டோரத்தில் இரவில் அது தேவைப்படாது. காலைச் சாப்பாட்டை ரிசோட்டில் எடுக்காமல் தெருவோரச் சோறு கறிக் கடைக்குப் போங்கோ. "காவோ கேங்" என்று கேட்டால் ஆரும் காட்டுவார்கள். தட்டில் சோறு, மேலே நீங்கள் கைகாட்டுகிற கறி. தெற்கத்திக் கறி உறைப்பில் எங்கட உறைப்புக்குச் சளைத்ததில்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிற ஆக்கள் "ஜே" என்ற சொல்லைப் பாடமாக்குங்கோ. சும்மா "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் சோஸும் இறால் கூழும் கறிக்குள் இருக்கும், அது அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் சேராது.

பருவத்தையும் பார்க்கவேண்டும். எங்கட தீவைப் போலவே அங்கேயும் இரண்டு பருவக்காற்று. அந்தமான் கரையில் மே முதல் ஒக்டோபர் வரை மழை, வளைகுடாக் கரையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும். மழைக்காலத்தில் அறை விலை விழும் என்பது உண்மை. ஆனால் எல்லா மலிவும் மலிவல்ல. காவோ சொக் பக்கத்தில் நாம் தலு என்றொரு குகை, உள்ளே ஆறு ஓடும். 2007 ஒக்டோபரில் அதற்குள் திடீர் வெள்ளம் வந்து பயணிகளும் வழிகாட்டிகளும் இறந்தார்கள். மழை நாளில் "பூட்டின குகைக்கும் கூட்டிப்போவோம், குறைச்ச காசு" என்று ஆராவது சொன்னால் திரும்பி நடவுங்கோ. மோட்டார்சைக்கிளும் அப்படித்தான். சர்வதேச சாரதி அனுமதி இல்லாமல் ஓடி விழுந்தால் பயணக் காப்புறுதி ஒரு சதமும் தராது. பாஸ்போட்டை அடகு வைக்கச் சொல்லுகிற கடையில் எடுக்கவே வேண்டாம்.

இனி "ஈக்கோ" என்ற சொல்லுக்கு வருவோம். மூங்கிலால் கட்டினதெல்லாம் பசுமை ஆகாது. காவோ சொக் போகிற எல்லாரும் படம் எடுக்கிற சியாவ் லான் ஏரி இயற்கை ஏரியே இல்லை. 1980களில் ராட்சப்ரபா அணை கட்டி 1987இல் திறந்தபோது உருவான நீர்த்தேக்கம் அது, ஏறத்தாழ 165 சதுரக் கிலோமீற்றர். அதன் அடியில் கிராமங்கள் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் எழும்பிப் போகவேண்டி வந்தது. தண்ணீர் ஏற ஏற மலை உச்சிகள் தீவுகளாயின, அவற்றில் விலங்குகள் அகப்பட்டுக்கொண்டன. அவற்றை மீட்கப் போனவர் சுப் நாகசாத்தியன் என்ற வன அதிகாரி. அவரது குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகளைக் காப்பாற்றியது, ஆனாலும் கண்முன்னே செத்தவை ஏராளம். அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் அணைத் திட்டங்களுக்கு எதிராகப் பகிரங்கமாகக் கதைத்தார். 1990 செப்டெம்பர் 1இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டது தாய்லாந்தின் சுற்றுச்சூழல் இயக்கத்தையே உலுக்கியது. இவ்வளவும் அந்த "மரகத ஏரி"க்குள் இருக்கிறது. ஏரிக்குப் போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போங்கோ. ஆறு எட்டுப் பேராய்ச் சேர்ந்து ஒரு படகைப் பிடித்தால் செலவும் தாங்கும். தண்ணீருக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கோ.

ஈக்கோ என்ற சொல்லுக்குத் தகுதியான இடங்களும் தெற்கில் இருக்கின்றன. புக்கெற்றுக்கும் கிராபிக்கும் நடுவில் உள்ள கோ யாவ் நொய் தீவு முஸ்லிம் மீனவர்களின் தீவு. விரிகுடாவை வழித்து அள்ளின பெரிய இழுவைப் படகுகளுக்கு எதிராகப் போராடின அந்தச் சனம், தங்கட வாழ்க்கையை வெளியாருக்குக் காட்டவும் ஒரு துணை வருமானத்துக்குமாக வீடுகளைத் திறந்துவிட்டது. விருந்தினரை வீடு வீடாக முறை வைத்துப் பிரிப்பார்கள், ஒரு வீடு மட்டும் கொழுக்காது. 2002இல் அவர்களுக்குச் சர்வதேச விருதும் கிடைத்தது. குடியும் அரைகுறை உடுப்பும் அங்கே ஆகாது. இழுவைமடி என்றால் என்ன என்று வடக்கில் பிறந்த எங்களுக்குச் சொல்லித்தரவேண்டுமா? நக்கோன் சி தம்மராட் மலையடிவாரத்தில் கீரிவொங் என்ற ஊரும் அப்படித்தான். 1988 நவம்பர் வெள்ளத்திலும் மண்சரிவிலும் அடிபட்ட ஊர். டுரியான், மங்குஸ்தான் எல்லாம் கலந்து வளருகிற தோட்டங்களோடும் இலை, பட்டைச் சாயத்துணியோடும் சேர்த்துச் சுற்றுலாவையும் ஊராகவே நடத்துகிறது.

அந்த நக்கோன் சி தம்மராட்டோடு எங்களுக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1247இல் இலங்கை மேல் படையெடுத்து வந்த சந்திரபானு, அந்தப் பக்கத்துத் தாம்பரலிங்க அரசன். சாவகச்சேரி என்ற பெயரில் உள்ள "சாவகர்" அவனுடைய ஆக்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். காவோ சொக் ஊடாகப் போகிற அதே வீதியின் மேற்கு முனையில் தகுவா பா. அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. அவனிநாரணம் என்றொரு குளத்தையும் அதைக் காக்கிற மணிக்கிராமத்து வணிகரையும் பற்றிச் சொல்லுகிற கல்வெட்டு. அந்தக் கரைக்குப் போகிற முதல் தமிழர் நாங்கள் இல்லை. சிலர் வாளோடு கடல் கடந்தார்கள், சிலர் குளம் வெட்டினார்கள்.

"எங்களுக்கே காசில்லை, இதில நியாயம் வேறயா?" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். கேள்வி சரிதான். வெளிநாட்டவர் என்பதால் தேசியப் பூங்காவில் உள்ளூராரைவிடப் பல மடங்கு கட்டணம் எங்களிடமும் வாங்குவார்கள், அமெரிக்கனுக்கும் எங்களுக்கும் ஒரே விலை. எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலைச் சோற்றுக்கடைக்காரியிடம் காட்டி என்ன பயன்? மேலே போட்ட 81,000 ரூபாவில் ஆரையும் நசுக்காமல் ஒரு கிழமை இருக்கலாம். அது இல்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப்போடலாம். காட்டுக்கு அவசரமில்லை.

இன்னொரு தெற்கும் இருக்கிறது. பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்கள், மலாய் முஸ்லிம்களின் நிலம். விளம்பரப் படங்களில் வராது. 2004 ஒக்டோபர் 25இல் தாக் பாயில் ஆர்ப்பாட்டக்காரரைப் பிடித்து இராணுவ லொறிகளில் ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கினார்கள். அன்று இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் மூச்சுத்திணறி இறந்தவர்கள். 2024 ஒக்டோபரில் வழக்குக்கான காலம் முடிந்துபோனது, ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. "தென் தாய்லாந்து சொர்க்கம்" என்று தலைப்பிட்டுப் பதிவு போட முதல், அந்தத் தெற்கு ஆருக்குச் சொர்க்கம் என்று எங்கட வாசகர்கள் ஒருக்கா யோசிப்பார்கள் என்று நம்புகிறோம். காலம் முடிந்துபோன வழக்குகள் எங்களுக்குப் புதிதில்லையே.

கடைசியாகச் சில நடைமுறைச் சொற்கள். 2024 ஜூலையில் தாய்லாந்து 93 நாட்டுக்காரருக்கு வீசா இல்லாமல் வர விட்டபோது பட்டியலில் இலங்கையும் இருந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறும், ரிக்கெற் வாங்க முதல் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கோ. 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. பதிவுசெய்ய முதல் அந்த இடத்துக்கு நாலு கேள்வி எழுதுங்கோ. உரிமையாளர் அந்த ஊர் ஆளா? வேலை செய்கிறவர்கள் ஆர்? கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது? யானைச் சவாரி விற்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்று பதில் வந்தால் அந்த இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விடுங்கோ.

தாய் மொழியில் எங்களைப் போன்ற தெற்காசியரைச் சுட்ட ஒரு சொல் இருக்கிறது, "கேக்". பிறந்தநாளுக்கு வெட்டுகிற கேக் இல்லை. சில வாயில் அது கொஞ்சம் இளக்காரமாகவும் வரும். ஆனால் அந்தச் சொல்லின் நேரடிப் பொருள் விருந்தாளி. இளக்காரத்தை அவர்களிடமே விட்டுவிட்டு, பொருளை நாங்கள் எடுத்துக்கொள்ளுவோம். விருந்துக்குப் போகிறவன் வீட்டுக்காரனின் அடுப்பை அணைத்துவிட்டு வரமாட்டான்.