கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடவோலைக் கதையோடு திரும்பிவிடுகிறார்கள். முப்பது குடும்புகள், குடத்தில் இட்டுக் குலுக்கிய ஓலைகள், ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பது, ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் மத்தியஸ்தன் அதை ஏற்று உரக்க வாசிப்பது. நாடகம் போன்ற காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முதற் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட அந்த இரு சாசனங்களையும் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் எமக்கு, குடத்தைக் காட்டிலும் கணக்கைப் பற்றிய பகுதியே பெரிதாகத் தோன்றிவருகிறது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடவோலைக்கு உரியவன் அல்லன். இது முதற்பகுதி. அவனோடு நில்லாமல் அவன் உறவினரையும் சாசனம் ஒருவர் விடாமல் எண்ணுகிறது. தாயின் தமக்கை தங்கையர் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், தந்தையோடு பிறந்தான், தன்னோடு பிறந்தான், மாமனார், மனைவியோடு பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன். தமிழின் உறவுச் சொற்கள் இத்தனை காரியமாகப் பயன்பட்ட இடம் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை. திருமண அழைப்பிதழில் வரவேண்டிய பட்டியல் இங்கே தகுதி நீக்கத்திற்கு வந்து நிற்கிறது!

இரண்டாவது சாசனம் இன்னும் ஓரடி முன்னே போகிறது. ஊர்க்கணக்கு எழுதியவன் தன் காலத்துக் கணக்கைப் பெரியோர்முன் வைத்து, நேர்மையானவன் என்று அவர்கள் ஒப்பிய பிறகன்றி மறுபடியும் கணக்கெழுத வரலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கனைக் கொண்டு அதை முடித்துவிடக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நரேந்திர மோடி எம் ஊர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். உறவினரைத் தகுதி நீக்கும் விதியையும் சொன்னார். ஆனால் அவர் சொன்னது சொத்து விவரம் தராதவரைப் பற்றி. சாசனம் பேசுவதோ சொத்தைப் பற்றியன்று, பதவியின் கணக்கைப் பற்றி. இரண்டுக்கும் நெடுந்தூரம். தன் வீட்டில் எத்தனை பவுன் நகை இருக்கிறதென்று வேட்புமனுவோடு எழுதித் தருவது இன்று எல்லா வேட்பாளரும் செய்வதுதான். ஊர்ப்பணத்தை என்ன செய்தாய், எந்த முடிவை எதற்காக எடுத்தாய் என்பதற்கு விடை சொல்வது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதிலிருந்து தப்பித்துக்கொள்வது எளிது.

பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பிரமதேயம். கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் உடைய அந்தணர் சபை. நிலமில்லாதவன், பெண், சேரியில் இருந்தவன் எவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. சென்ற பருவத்தில் மாணவர்களை மண்டபத்திற்கு அழைத்துச் சென்றபோது முதுகலை மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, வயலில் இறங்கி நட்டவர்கள் கணக்குக் கேட்டிருக்க முடியுமா?" முடியாது என்றுதான் சொன்னோம். அவர் விடவில்லை. "அப்படியானால் இன்றைக்கு எங்காவது கேட்டிருக்கிறார்களா?"

கேட்டிருக்கிறார்கள். கடல் கடந்தால் இலங்கையில்.

1948இல் விடுதலை பெற்றதிலிருந்து வெளிநாட்டுக் கடன் தவணையைத் தவறவிடாத அந்த நாடு, 2022 ஏப்ரல் 12 அன்று தன்னால் கட்ட இயலாது என்று அறிவித்தது. 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணி, 2022 மே மாதத்தில் உடனடியாகப் பயன்படுத்தத்தக்கதாக 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொல்லும் நிலைக்கு வந்தது. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசைகளை எல்லோரும் படங்களில் பார்த்தோம். இவ்விதழைப் படிக்கும் நண்பர்களுக்கு வேறிரண்டு செய்திகளை நினைவூட்டலாம். 2022 மார்ச்சில் தாள் இல்லாமையால் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. அதே மாதம் 'தி ஐலண்ட்', 'திவயின' நாளேடுகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சேறவில்லை. வினாத்தாள் அச்சிடத் தாளில்லாத ஒரு நாட்டை ஆசிரியனாக எண்ணிப் பார்க்கையில், பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம் ஆனது என்ற புள்ளிவிவரத்தைக் காட்டிலும் அது அதிகமாக உறைக்கிறது.

இதெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. 2019 நவம்பரில் அதிபரான கோத்தாபய ராஜபக்ச, வந்த கையோடு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார். அவ்வரிக்கு உட்படும் ஆண்டு வரவின் எல்லை 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்கு உயர்த்தப்பட்டது. பெரும்பகுதி வணிகர் ஒரே நாளில் வரிக்கு வெளியே போயினர். வருவாய் சரிந்தது; கடன் தரும் சந்தைகளின் கதவும் அடைந்தது. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. எம் ஊர் ஏரிப் பாசனத்து நெல் விவசாயிக்கு யூரியா பதினைந்து நாள் தாமதமானாலே என்ன ஆகுமென்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு நாடு முழுவதற்கும் ஒரே போகத்தில் அதை நிறுத்தினார்கள். விளைச்சல் வீழ்ந்த பின், நவம்பரில் தடையை நீக்கினார்கள். ரூபாயின் மதிப்பை டாலருக்கு 200ஐ ஒட்டி, 2022 மார்ச் வரை பிடித்துவைக்கப் பார்த்தார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் தேவைப்பட்டுக்கொண்டிருந்த 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் கடன்பத்திரத் தொகையை முழுதாக அடைத்தார்கள்.

இந்தக் காலத்தில் அமைச்சரவையில் இருந்தவர்கள் யார்? அதிபர் கோத்தாபய. பிரதமராகவும், 2021 ஜூலை வரை நிதியமைச்சராகவும் அண்ணன் மகிந்த. அதன்பின் நிதியமைச்சராக இன்னொரு சகோதரர் பசில். நீர்ப்பாசனத்திற்கு மூத்தவர் சமல். விளையாட்டுத் துறைக்கு மகிந்தவின் மகன் நாமல். "தன்னோடு பிறந்தான்", "மகன்" என்ற சொற்களை எம் ஊர்ச் சபை ஏன் கல்லில் வெட்டிவைத்தது என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்கவில்லை. உறவினரைத் தண்டிக்க வேண்டும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கணக்குக் கேட்க வேண்டியவன் கணக்குக் காட்ட வேண்டியவனின் தம்பியாக இருந்தால் கேள்வி எழாது என்பதுதான் அவ்விதியின் உயிர்.

இனிக் கணக்கைக் கேட்டவர்கள். 2022 ஜூலை 13 அன்று கோத்தாபய நாட்டை விட்டு வெளியேறி, மறுநாள் பதவி விலகினார். தெருவில் இறங்கிய மக்கள் செய்தது அது. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பே வேறு சிலர் உச்ச நீதிமன்றத்திற்குப் போயிருந்தார்கள். ஒரு முன்னாள் நீச்சல் வீரர், ஒரு வணிகப் பிரமுகர், ஓர் ஊழல் ஒழிப்பு அமைப்பு, வேறொரு மனுவில் பல்கலைக்கழக ஆசிரியர்கள். 2023 நவம்பர் 14 அன்று ஐவர் அமர்வில் நால்வர் ஒத்து, ஒருவர் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். ராஜபக்ச சகோதரர் மூவரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் கப்ராலும் லக்ஷ்மனும், நிதித்துறைச் செயலாளராக இருந்த ஆட்டிகலவும், அதிபரின் செயலாளராக இருந்த பி. பி. ஜயசுந்தரவும், மத்திய வங்கியின் நிதிச் சபையும் மக்கள் அவர்கள்பால் வைத்த நம்பிக்கையை மீறினர். அதன்வழிச் சட்டத்தின் முன் சமத்துவம் என்ற அடிப்படை உரிமையையும் மீறினர் என்பது தீர்ப்பு. மனுதாரர்கள் தமக்கென இழப்பீடு கோரவில்லை. வழக்குச் செலவாக ஒவ்வொருவருக்கும் இலங்கை நாணயத்தில் 1,50,000 ரூபாய்.

ஒரு நாட்டின் நிதி முறிவுக்கு ஆட்சியாளரைப் பேர் சொல்லிப் பொறுப்பாக்கியது பெரிய காரியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஐஸ்லாந்தில் 2008 வங்கிச் சரிவுக்காக முன்னாள் பிரதமர் கெயிர் ஹார்டே மட்டும் விசாரிக்கப்பட்டு, முக்கியமான விவகாரத்திற்கு அமைச்சரவைக் கூட்டம் கூட்டவில்லை என்ற ஒரே குற்றச்சாட்டில் 2012இல் குற்றவாளி எனப்பட்டார், தண்டனை ஏதுமில்லை. நம் நாட்டிலோ அதுகூட இல்லை. 1991இல் மே மாதம் 20 டன் தங்கத்தை விற்றும், ஜூலையில் ஏறக்குறைய 47 டன்னை அடகு வைத்தும் டாலர் தேடிய நாடு இது. மீட்டவர்களின் பெயர் பாடநூலில் இருக்கிறது. அந்நிலைக்குக் கொண்டுவந்தவர் யார் என்று எந்த ஆணையமும் விசாரிக்கவில்லை, எந்த மாணவனும் கேட்பதுமில்லை.

தீர்ப்பை ஏற்காதவர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்போம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் பெருந்தொற்றும் சுற்றுலா வருவாயை அழித்தன என்பார்கள். உண்மை. ஆனால் அதே தொற்றில் எத்தனையோ ஏழை நாடுகள் தாளுக்கும் மருந்துக்கும் இந்த அளவு திண்டாடவில்லை. வெளிச்சந்தையில் டாலர்ப் பத்திரம் விற்றுக் கடன் வாங்கும் பழக்கம் 2007இலேயே தொடங்கியது, பின்வந்த ஆட்சிகளும் அதையே செய்தன என்பார்கள். அதுவும் உண்மை. 2015இல் ஆட்சி மாறி நல்லாட்சி என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்தவர்களின் காலத்திலேயே மத்திய வங்கிப் பத்திர ஏல விவகாரம் வெடித்தது. ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடைய நிறுவனம் பெரும் இலாபம் அடைந்ததைப் பற்றி விசாரிக்க அதிபர் ஆணைக்குழு அமைக்க வேண்டி வந்தது. (மகளை மணந்தவன் என்று சாசனத்தில் வருவதை வாசகர் மேலே பார்த்திருப்பார்.) ஆனால் எல்லோரும் தவறு செய்தார்கள் என்ற வாதத்தின் பயன் யாருக்குப் போகிறது? எல்லோரும் பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பில்லை. வரியைக் குறைத்த கையெழுத்து ஒருவருடையது. உரத்தை நிறுத்திய ஆணையும் ஒருவருடையது.

எமக்குக் குறையாகப் படுவது வேறொன்று. தீர்ப்பு பெயர்களைச் சொல்லியது, கணக்கை வாங்கவில்லை. அந்த 50 கோடி டாலர்ப் பத்திரங்களை அன்று கையில் வைத்திருந்தவர் யார் யார்? வரிக் குறைப்பால் உண்மையில் எவர் எவருக்கு எவ்வளவு மிச்சமாயிற்று? இவற்றை எழுதியவர்களே வந்து மக்கள்முன் காட்டவில்லை. மாறாக, பின்வந்தவர்கள் கணக்கை முடித்தார்கள். 2023 மார்ச்சில் பன்னாட்டு நிதியம் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது; 2024 இறுதியில் பத்திரக் கடன் மறுசீரமைக்கப்பட்டது. இடையே மின்கட்டணமும் மதிப்புக் கூட்டு வரியும் ஏறின. 8 சதவீதமாக இருந்த வரி 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளும் அதைக் கட்டுகிறாள். வேறொரு கணக்கனைக் கொண்டு முடிப்பது என்று எம் ஊர்ச் சபை தடுத்தது இதைத்தான்.

ஜயசுந்தரவின் கதை இன்னும் வெளிப்படையானது. 2008இல் பொதுத்துறை நிறுவனம் ஒன்றைத் தனியாருக்கு விற்ற வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. இனி அரசுப் பதவி ஏற்பதில்லை என்று அவர் உறுதிமொழி தர வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே, 2009இல், அந்த உறுதிமொழியிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிதித்துறைக்குத் திரும்பினார். பத்தாண்டு கழித்து அதிபரின் செயலாளரானார். முதற்கணக்கு முடியாமலே மறுபடியும் ஓலை குடத்துக்குள் போயிற்று.

2022 மே 18 அன்று தமிழ்நாட்டின் அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதற்கப்பல் சென்னையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. அதே நாளில் கொழும்பு காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, இறந்தோரை நினைவுகூர்ந்தார்கள். தென்னிலங்கைப் போராட்டக் களத்தில் அது முதல்முறை. எரிபொருளும் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்ட 1990களின் யாழ்ப்பாணத்தை வாழ்ந்து கடந்தவர்களுக்கு 2022இன் வரிசைகள் புதியவை அல்ல. அவர்கள் கேட்கும் கணக்கு வேறு. அதை எந்த மன்றமும் இன்னும் கையில் எடுக்கவில்லை.

மக்கள் தம்மளவில் ஒன்று செய்தார்கள். 2024 செப்டம்பர் அதிபர் தேர்தலில் நாமல் ராஜபக்சவுக்குக் கிடைத்தது 2.57 சதவீத வாக்கு. தீர்ப்பு வந்து சரியாக ஓராண்டு கழித்து, நவம்பர் 14 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், ஒரு காலத்தில் அறுதிப் பெரும்பான்மை பெற்றிருந்த அவர்கள் கட்சிக்கு 225இல் 3 இடம். மண்டபத்தில் கேள்வி கேட்ட மாணவியிடம் இதைச் சொன்னபோது அவர் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. "தோற்கடித்தார்கள் ஐயா, சரி. கணக்கைக் காட்டினார்களா?" என்றார்.