பிக்கப் ரீமேப்புக்கு 28,000 ரூபாய்: கொடுக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

சம்பளத்தோட சைடுல ஒரு பிக்கப் வாங்கி ஓட விடலாமான்னு போன வீடியோவுல பேசினேன். அதுல ரீமேப் பத்தி ஒரு நிமிஷம்தான் வந்தது. ஆனா அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதி அதைப் பத்தித்தான். "ப்ரோ, லேப்டாப்பைச் சொருகி அரை மணி நேரத்துல புல்லிங் ஏத்தித் தர்றாங்க, மைலேஜும் கூடுமாம், பண்ணலாமா?"

வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

நான் ஆடிட்டர், மெக்கானிக் இல்லை. ஆனா இந்த விஷயத்துல கையைச் சுட்டுக்கிட்டவன். திண்டுக்கல்ல எங்க பெரியப்பா பையன் ஒரு பிக்கப் ஓட்டுறார். லோன்ல நான் கோ-அப்ளிகண்ட். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல காய்கறி ஏத்தி திருச்சி வரைக்கும் போவார், நடுவுல கொடைக்கானலுக்கு சிமெண்ட், மளிகை லோடு. "தம்பி, ரோட்டுல பிரச்சனை இல்ல, மலையிலதான் வண்டி இழுக்க மாட்டேங்குது"ன்னு ஒரு நாள் சொன்னார். ஈசியு ரீமேப் 28,000 ரூபாய். நானே ஜிபே பண்ணினேன். ஒரு பிரிண்டர் வாங்கக்கூட கிளையண்ட்கிட்ட "எத்தனை மாசத்துல திரும்ப வரும்"னு கேக்குற நான், அன்னைக்கு ஒரு கேள்விகூடக் கேக்கலை.

மூணு மாசம் அண்ணன் செம சந்தோஷம். அப்புறம் ஒரு சித்திரை வெயில். வத்தலகுண்டு தாண்டி காமக்காபட்டியில ஏற ஆரம்பிச்சா பெருமாள்மலை வரைக்கும் பெரும்பாலும் ஏற்றம்தான். லோடு கொஞ்சம் அதிகம். முன்னாடி செகண்ட் கியர்ல ஏறின இடத்தையெல்லாம் இப்ப தேர்டுலயே மிதிச்சு ஏறினார், "அதான் புல்லிங் இருக்கே"ன்னு. பாதி மலையில புகை, வண்டி படுத்துருச்சு. பிரிச்சுப் பார்த்தா ஒரு பிஸ்டன் தலை உருகியிருக்கு, டர்போவும் போச்சு. பில் 1,12,000. வண்டி 19 நாள் பட்டறையில. 15,400 ரூபாய் இ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாம வந்துச்சு. கட்டலைன்னா அடிபடுறது என் சிபில் ஸ்கோரும்தான்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். டீசல் இன்ஜின்ல பவர்னா கூடுதல் டீசல். கூடுதல் டீசலை ஊத்தினா அதுக்கேத்த காத்தும் உள்ள போகணும். காத்து பத்தலைன்னா கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் வெப்பம் எகிறும். டர்போவுக்கு முன்னாடி அளந்தா 700 டிகிரி செல்சியஸுக்கு மேல தொடர்ந்து நிக்கக் கூடாதுங்கிறது ட்யூனிங் பண்றவங்க வழக்கமா வச்சிருக்குற எல்லை. பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில உருகிடும். ஒவ்வொரு சுற்றுலயும் புதுக் காத்தும், அடியிலிருந்து ஆயிலும் பிஸ்டனைக் குளிர வைக்கிறதாலதான் அது தாங்குது. ரோட்டுல ஓவர்டேக் பண்றப்போ பத்து செகண்ட் சூடேறினா ஒண்ணும் ஆகாது. மலையில அரை மணி நேரம் அப்படியே நின்னா அவ்வளவுதான். இதுல இன்னொண்ணு, கொடைக்கானல் உயரத்துல காத்தோட அடர்த்தி நம்ம திண்டுக்கல் சமவெளியைவிட ஏறக்குறைய 6-ல 1 பங்கு குறைவு. எங்க பவர் வேணும்னு ரீமேப் பண்றோமோ, அங்கதான் காத்தும் கம்மி. டேஷ்போர்டுல இருக்குற மீட்டர் தண்ணியோட சூட்டைத்தான் காட்டும். எக்ஸாஸ்ட் கொதிக்கிறது அதுல தெரியவே தெரியாது.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

"இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. சாதாரண மோட்டார் பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது, ரீமேப் பண்ணாத வண்டிக்குமே. அதுக்கு இருக்குற ஒரே பாதுகாப்பு கம்பெனி வாரண்டி. ஈசியு ஃபைல் மாறியிருக்குன்னு தெரிஞ்சா அதுவும் போச்சு. எங்க வண்டிக்கு 7 மாசம் வாரண்டி பாக்கி இருந்துச்சு, கேட்டுப் பார்க்கவே வாய் வரலை. விபத்து கிளெய்ம்லகூட, சொல்லாம செஞ்ச மாற்றம் சண்டைக்கு ஒரு காரணமாகும்.

வரியில கழிக்கலாமா? சின்ன வண்டி வச்சிருக்குறவங்க பெரும்பாலும் 1961 வருமான வரிச் சட்டத்தோட 44ஏஇ பிரிவுலதான் கணக்குக் காட்டியிருப்பாங்க. 12 டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் வருமானம்னு எடுத்துக்குவாங்க, வருஷத்துக்கு 90,000. ரிப்பேர், தேய்மானம் எல்லாம் அதுலயே அடக்கம். 1,12,000 ரூபாய் பில்லைக் கொண்டு வந்து நீட்டினாலும் ஒரு ரூபாய் குறையாது. வண்டி 19 நாள் நின்ன மாசத்துக்கும் அதே 7,500-தான்.

மைலேஜ் கணக்கையும் போட்டுடலாம். மாசம் 3,000 கி.மீ., லிட்டருக்கு 12 கி.மீ., டீசல் 92 ரூபாய்னு வச்சா செலவு 23,000. ரீமேப்னால 5 சதவீதம் மிச்சம்னே நம்புவோம். 1,150 ரூபாய். போட்ட 28,000 திரும்ப வர 24 மாசத்துக்கு மேல ஆகும், அதுவும் டிரைவர் முன்ன மாதிரியே மிதிச்சா. முன்ன மாதிரியே மிதிக்கிறதுக்கு யாருங்க ரீமேப் பண்றாங்க?

புகை வடிகட்டிய எடுத்துட்டு, இ.ஜி.ஆரை அடைச்சுட்டுப் பண்ற "ஃபுல் பேக்கேஜ்" பக்கமே போகாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவுல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே. உரிமையாளர்தான் மாட்டுவார், லேப்டாப் வச்சிருக்குறவர் இல்லை.

ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், திருச்சின்னு சமவெளியில ஓடுற வண்டிக்கு இந்தப் பவர் தேவையே இல்லை. மலைக்குப் போற வண்டின்னா, அந்தக் காசுல ஒரு பகுதியை எடுத்து டர்போவுக்கு முன்னாடி சென்சார் வச்ச ஒரு எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் மாட்டுங்க. பின்னாடி மாட்டினா லோடுல 100 டிகிரிக்கு மேலயே குறைச்சுக் காட்டும், ஏமாந்துடுவீங்க. ஏர் ஃபில்டர் மாத்துங்க, இன்டர்கூலர் ஹோஸ்ல லீக் பாருங்க, இன்ஜெக்டரை டெஸ்ட் பண்ணுங்க. புல்லிங் இல்லைன்னு வர்ற வண்டியில பல நேரம் இதுதான் குறை. எங்க வண்டியிலயும் ஒரு ஹோஸ் கிளாம்ப் லூஸா இருந்துச்சுன்னு இன்ஜின் இறக்கின பிறகுதான் தெரிஞ்சது! 28,000 கொடுக்குறதுக்கு முன்னாடி யாரும் அதைப் பார்க்கலை, நான் உட்பட.

இப்ப பழைய கம்பெனி ஃபைலே திரும்ப ஏத்தியாச்சு. மீட்டர் 600-ஐத் தொட்டா அண்ணன் ஒரு கியர் இறக்கிடுறார். இன்ஜின் சுத்து கூடி காத்து நிறைய வரும், சூடு தானா இறங்கும். உச்சியில வண்டியை நிறுத்தினா ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விட்டுத்தான் சாவியைத் திருப்புறார். மேல போய்ச் சேர முன்னைவிடப் பத்து நிமிஷம் அதிகமாகுதாம்.