விரலிகளுக்குத் தடுப்பூசி வீண் செலவா?

ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் விடும் கட்லா, ரோகு விரலிகளுக்கு (விரல் நீள மீன்குஞ்சுகளுக்கு) தடுப்பூசி எதற்கு, பிழைப்பது பிழைக்கட்டும், நோய் வந்தால் மருந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். அணைத் தண்ணீரில் யாருக்கு, எப்படி மருந்து போடுவார்? தீவனத்தில் கலந்தால் எந்த மீன் தின்றது என்று தெரியாது. தண்ணீரில் கரைத்தால் பாசனத்துக்கும் போகும், குடிக்கவும் போகும்.

ஏரோமோனாஸ் பாக்டீரியா தாக்கிய மீனைக் கையில் எடுத்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். துடுப்படியில் ரத்தக் கட்டு, வயிறு உப்பி, செதில் நிமிர்ந்து நிற்கும். அந்த நிலையில் அது தீவனத்தைத் தொடாது. குஞ்சு நம் கையில் இருப்பது பண்ணைத் தொட்டியில் மட்டும்தான். பாதுகாக்க முடிந்த காலமும் அதுதான்.

நார்வேயைப் பாருங்கள். 1987இல் சால்மன் பண்ணைகளுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டினார்கள். தடுப்பூசி பரவியபின், 1990களின் நடுவில் அது ஓரிரு டன்னாகச் சுருங்கியது. உற்பத்தியோ பல மடங்கு பெருகியது.

ஒவ்வொரு குஞ்சுக்கும் ஊசி குத்த வேண்டுமென்பதும் இல்லை. நீர்த்த தடுப்பு மருந்தில் சிறிது நேரம் முக்கியெடுக்கும் முறை ட்ரவுட் மீன் பண்ணைகளில் பழகிப்போனது. குளிர்நீரில் எதிர்ப்பாற்றல் உருவாக வாரக்கணக்காகும். நம் வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குச் சாதகம்.

ஒரு கிருமிக்கான தடுப்பூசி மற்றதைத் தடுக்காது, நெரிசலான தொட்டியின் கேட்டையும் போக்காது. அதை மறுக்கவில்லை. ஆனால் வீண் என்று சொல்வதற்குமுன், அழியாத அடையாளமிட்டு, மருந்தில் முக்கியெடுத்த குஞ்சுகளையும் முக்காதவற்றையும் ஒரே கண்மாயில் விட்டு, அறுவடையில் எண்ணிப் பார்க்கலாமே.