சோற்றைக் கண்டு அஞ்சலாமா?

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை மரவள்ளிக்கிழங்கே சோறானது எனப் பேராக் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சோறு கிடைக்காதோ என்ற பயம். இன்று ஈப்போவில் வளர்ந்த நம்மில் சிலருக்கோ சோற்றைக் கண்டாலே பயம்!

நீரிழிவு வாட்டும் நம் சமுதாயத்திற்கு நல்லுணவு அவசியமே. ஆனால் அந்த அக்கறையே நோயாகவும் மாறலாம். 1997இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் இதற்கு ‘ஆர்தொரெக்சியா’ எனப் பெயரிட்டார்.

எப்படி அறிவது? உணவின் ‘தூய்மை’ பற்றிய சிந்தனையிலேயே நாள் கழியும். சோறு, எண்ணெய், சீனி என ஒவ்வொன்றாக விலக்கப்படும். சிறிது மீறினாலும் குற்ற உணர்வு வாட்டும். திருமண விருந்தும் பாட்டி வைத்த குழம்பும் அச்சமூட்டும். உடல் மெலியும். நாமோ “நல்ல கட்டுப்பாடு” என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டே நோயை மறைக்கிறது என்பேன்.

இதற்குச் சிகிச்சை உண்டு. மருத்துவர் உடலைச் சோதிப்பார். மனநல ஆலோசகர் அச்சத்தை வெல்ல உதவுவார். உணவியல் நிபுணர் விலக்கிய உணவை மெல்ல மெல்லத் தட்டுக்கு மீட்பார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு எனத் தமிழ்ப்பள்ளியில் படித்தோமே! நண்பர்களே, மெலிந்த தோழியைப் பாராட்டும் முன், நிம்மதியாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்போம். தேவையென்றால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் நாமே உடன் செல்வோம்.