அடுப்பு மூட்டாத நைவேத்தியம்

சித்திரை பிறந்து மூன்று வாரங்கள் கடந்ததும் கத்திரி வந்துவிடுகிறது. மே மாதம் 4-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28-ஆம் நாளை ஒட்டி நிறைவுறும் அக்கினி நட்சத்திர நாள்களில், உத்திரமேரூரின் வீதிகள் முற்பகலிலேயே வெறிச்சோடிவிடுகின்றன. மூன்று நிலைகளில் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தரும் சுந்தரவரதப் பெருமாளைச் சேவிக்க வருவோர், பிராகாரத்துக் கருங்கல் காய்வதற்கு முன்னரே வலம் வந்து வீடு திரும்புகின்றனர். சிவாலயங்களில் இலிங்கத் திருமேனியின்மீது தாராபாத்திரம் தொங்கவிடப்பட்டு, சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த நீர் விழுந்தவண்ணம் இருக்கிறது. இறைவனுக்கே வெயில் படக்கூடாது என்று நினைக்கிற காலம் இது.

இந்தக் காலத்தில்தான் வீட்டிலுள்ள முதியோருக்கு ஒரு மனக்குறை எழுகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் சர்க்கரைப் பொங்கலும், ஏகாதசி மறுநாள் துவாதசிப் பாரணையும் தம் கையால் சமைத்து நிவேதித்தவர்கள் அவர்கள். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அடுப்பின் முன் அரை மணி நேரம் நின்றால் தலை சுற்றுகிறது. “நீங்கள் அடுப்படிக்கு வரவேண்டாம் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று மருமகள் அன்போடுதான் சொல்கிறாள். ஆனாலும் பூஜை அறையில் விளக்கேற்றி அமரும்போது, “என் கையால் பெருமாளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே” என்னும் ஏக்கம் நெஞ்சை அரிக்கிறது.

அந்த ஏக்கத்துக்குக் கோடைக்காலமே விடை வைத்திருக்கிறது. இப்பருவத்துக்கு என்று நம் முன்னோர் வகுத்த இனிய நைவேத்தியங்களில் சிறந்தவை பலவும் அடுப்பு மூட்டாமல் செய்யக்கூடியவை. உட்கார்ந்த இடத்தில், ஒரு பாத்திரமும் கரண்டியும் இருந்தால் போதும்.

கண்ணன் கேட்டவை நான்கு

பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், இலை, மலர், கனி, நீர் ஆகியவற்றில் எதைப் பக்தியோடு அளித்தாலும் தான் ஏற்பதாகக் கண்ணன் கூறுகிறான். அந்த நான்கில் நெருப்பில் ஏற்ற வேண்டியது ஒன்றுகூட இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோடையில் வரும் பண்டிகைகளும் இதையே வழிமொழிகின்றன. ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோர், ஊறவைத்த வடைப்பருப்பு. நரசிம்ம ஜயந்திக்கும் பானகம். தூணைப் பிளந்து வந்த பெருமானின் உக்கிரம் தணியக் குளிர்ந்த இனிப்பு நீர் அளிப்பது மரபு. செங்கற்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோவிலில் குடைவரையில் எழுந்தருளியுள்ள பாடலாத்ரி நரசிம்மரைக் கோடையில் தரிசிப்போர் மனத்தில் பானகத்தின் நினைவும் உடன் வரும். ஆந்திர மாநிலம் மங்களகிரியில் நரசிம்மருக்குப் பானகால சுவாமி என்றே திருநாமம். அடியார் அளிக்கும் பானகத்தில் பாதியை ஏற்று, மீதியைப் பிரசாதமாகத் திருப்பித் தருகிறார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

நாம் தமிழ்ப் புத்தாண்டு கொண்டாடும் அதே வேளையில் ஒடிசா மாநிலத்தார் பானக சங்கராந்தி கொண்டாடுகின்றனர். வில்வப் பழத்தின் சதையைக் கரைத்துச் செய்யும் பானகத்தை நிவேதிப்பதோடு, துளசிச் செடியின்மேல் துளையிட்ட மண்கலயத்தைக் கட்டி நீர் சொட்டவிடுகின்றனர். நம் சிவாலயத் தாராபாத்திரமும் அவர்களின் துளசிக் கலயமும் ஒரே கருணையின் இரு வடிவங்கள்.

முதியோர் தம் கையால் எளிதில் செய்யத்தக்க நான்கு இனிப்புகளை இனிக் காண்போம்.

பானகம்

ஒரு லிட்டர் குடிநீருக்கு 150 கிராம் வெல்லம் போதும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத் தவிர்த்து, சற்றுக் கருமை கலந்த வெல்லத்தை வாங்குவது நல்லது. வெல்லத்தைப் பொடித்து நீரில் இட்டு அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால் தானே கரைந்துவிடும், காய்ச்ச வேண்டியதில்லை. மெல்லிய துணியில் வடிகட்டினால் மண்ணும் தூசும் நீங்கும். அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, நான்கு ஏலக்காயின் பொடி, அரை எலுமிச்சம்பழத்தின் சாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்க வேண்டும். நான்கைந்து துளசி இலைகளை மிதக்கவிட்டால் பானகம் தயார். இலையும் நீரும் சேர்ந்துவிட்டன அல்லவா!

பச்சைக் கற்பூரம் சேர்ப்பதாயின் கடுகளவே சேர்க்க வேண்டும். ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரத்தை ஒருபோதும் உணவில் சேர்க்கலாகாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வலிப்பு நோய் உள்ளவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் பச்சைக் கற்பூரத்தையும் விட்டுவிடலாம். சுக்கும் ஏலமுமே போதிய மணம் தரும்.

பானகத்தைப் புதிய மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால் தொண்டைக்கு இதமான குளிர்ச்சி கிடைக்கும். மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கொண்டுபோய்விடுகிறது. கடையில் வாங்கும் பனிக்கட்டி எந்த நீரில் உறைய வைக்கப்பட்டதோ என்ற கவலையும் இதில் இல்லை.

நுங்குப் பால்

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது குடவோலை. ஊர்ச் சபைக்குரியவர்களின் பெயர்களைப் பனையோலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையை, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இன்றும் உரைக்கின்றன. அன்று ஓலை தந்த பனை, கோடைதோறும் நுங்கு தருகிறது. ஒரு காயில் மூன்று கண்கள் இருப்பதால் முக்கண்ணனை நினைவூட்டும் கனி என்று சொல்லத் தோன்றும்.

எட்டு இளநுங்குகளை வாங்கி, மேல்தோலை நகத்தால் நீவி எடுக்க வேண்டும்; தோல் துவர்க்கும். உள்ளிருக்கும் நீர் வீணாகாமல் ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து உரிப்பது நலம். சதையைச் சிறு துண்டுகளாக்கி, நான்கு தேக்கரண்டி பனங்கற்கண்டுப் பொடியைத் தூவி வைக்க வேண்டும். காலையில் காப்பிக்கென வீட்டார் காய்ச்சிய பாலில் நிவேதனத்துக்காக அரை லிட்டரை முன்னரே தனியே எடுத்து ஆறவைத்திருந்தால், அதை இதில் ஊற்றி, ஒரு சிட்டிகை ஏலப்பொடி சேர்த்தால் போதும். பல் விழுந்தவர்களும் சிரமமின்றி உண்ணலாம். நுங்கு வெட்டிய அன்றே உண்ணத்தக்கது. மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

இளநீர்ப் பாயசம்

பாயசம் என்றாலே கொதிக்கும் பாலும் கை ஓயாத கிளறலும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பாயசத்துக்கு அவை இரண்டும் வேண்டா. வழுக்கை உள்ள இளநீர் இரண்டு வாங்கி, நீரைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, வழுக்கையை வழித்தெடுக்க வேண்டும். அதில் பாதியைச் சிறிது இளநீர் விட்டு மிக்சியில் மைய அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்கிக்கொள்ளலாம். ஒரு மூடித் தேங்காயைத் துருவி, ஒரு தம்ளர் இளநீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் திக்கான பால் கிடைக்கும். இவையெல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மூன்று மேசைக்கரண்டி பனங்கற்கண்டுப் பொடியும் ஏலமும் சேர்த்தால் அமுதம்போன்ற பாயசம் அமையும்.

தேங்காய்ப்பால் வெயிலில் விரைவில் புளித்துவிடும். ஆகவே பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்பு செய்து, நிவேதித்தவுடன் உண்டு முடிப்பதே முறை. துருவுவது கடினமாக இருந்தால், அந்த ஒரு வேலையைப் பேரக்குழந்தையிடம் ஒப்படைக்கலாம். கையோடு அதற்கு ஒரு கதையும் சொல்லலாம்.

வெள்ளரிப்பழம்

நான்கனுள் இதுவே மிக எளியது. கோடையில் சந்தைக்கு வரும் வெள்ளரிப்பழம் நன்றாகப் பழுத்ததும் தானே வெடித்து, மாவுபோன்ற சதையைக் காட்டும். தோலையும் விதையையும் நீக்கி, சதையைக் கையால் மசித்து, நான்கு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரையும் சிறிது ஏலப்பொடியும் கலந்து பத்து நிமிடம் மூடிவைத்தால், பழமே நீர் விட்டுப் பாகுபோல் ஆகிவிடும். பால் வேண்டா, அரைக்க வேண்டா, வடிகட்ட வேண்டா. கை நடுக்கம் உள்ளவர்கள்கூடச் செய்யலாம். வெடித்த பழத்தில் ஈ மொய்த்திருக்கக் கூடும். ஆதலால் அன்று வெடித்ததையே வாங்கிக் கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

அளவே அருள்

பிரசாதம் என்பதால் உடல் அதன் கணக்கை மறந்துவிடாது. மேற்சொன்ன அளவில் செய்த பானகம் ஒரு தம்ளரில் சுமார் 30 கிராம் வெல்லம் இருக்கிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் நீரிழிவு உள்ளவர்க்குத் தீங்கு செய்யா என்ற எண்ணம் தவறானது. வெள்ளைச் சர்க்கரையைப் போலவே அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அத்தகையோர் தீர்த்தம் பெறுவதுபோல் இரண்டு உத்தரணி அளவு உள்ளங்கையில் ஏற்று உட்கொண்டால், பிரசாதம் பெற்ற நிறைவும் உண்டு. உடலுக்கு ஊறும் இல்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீரில் பொட்டாசியம் மிகுந்திருப்பதை நினைவிற் கொண்டு, மருத்துவரைக் கேட்ட பின்னரே அருந்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வயது ஏற ஏறத் தாகம் உணரும் தன்மை குறைகிறது. உடலில் நீர் வற்றிய பின்னும் நா வறளாமல் இருக்கலாம். தலைச்சுற்றல், சோர்வு, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் பிரிதல் ஆகியவை தோன்றும்வரை காத்திராமல், தாகம் இல்லாவிடினும் சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். நீரின் அளவை மருத்துவர் குறைக்கச் சொல்லியுள்ள இதய நோயாளிகள் மட்டும் அவர் சொன்ன அளவைப் பின்பற்ற வேண்டும். உப்பிட்ட நீர்மோர் இனிப்புக்குச் சிறந்த மாற்று. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

வாசலில் ஒரு தம்ளர்

நிவேதித்த பானகம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவது மரபன்று. பகிர்வதற்காகவே அது பானை பானையாகக் கரைக்கப்பட்டது. இன்று பந்தல் போட வசதியில்லாதவரும் வாசல் திண்ணையில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து, பூ கொண்டு வரும் பெண்ணுக்கும், எரிவாயு உருளை சுமந்து வரும் இளைஞனுக்கும், தபால்காரருக்கும் ஆளுக்கொரு தம்ளர் அளிக்கலாம். வெயிலில் வந்தவர் குடித்துவிட்டுக் கண்மூடி மூச்சு விடும் அந்த ஒரு கணத்தில், நிவேதனம் ஏற்கப்பட்டது தெரிந்துவிடும்.

உத்திரமேரூர்ச் சபையில் ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் ஒன்று இருந்தது. நீர்நிலையைக் காத்து ஊருக்கு நீர் தருவது அத்தனை பெரிய பொறுப்பாகக் கருதப்பட்டது. அத்தகைய வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 35 வயதுக்கு மேற்பட்டும் 70 வயதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும் என்று 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கிறது. எழுபதைக் கடந்தோர்க்கு வாரியத்தில் இடமில்லை. ஆனால் வந்தவர்க்குத் தண்ணீர் தரும் அறத்துக்கு எந்தக் கல்வெட்டும் வயது வரம்பு வைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அடுப்படியை இளையவர்களிடமே விட்டுவிட்டு, பூஜை அறையின் ஓரத்தில் ஒரு மனையில் அமர்ந்து கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்துப் பாருங்கள். “என் கையால் ஒன்றும் செய்ய முடியவில்லையே” என்ற ஏக்கமும் அதனோடு கரைந்துவிடும்.