‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்றால்...

பயிர், பூச்சி, உரம் பற்றிய கடிதங்களுக்கு நடுவே இந்த முறை வீடு பற்றிய கடிதங்களும் வந்திருக்கின்றன. நான் வக்கீல் இல்லை. ஆனால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மானியம் கேட்டு வருகிறவர்களின் பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று எல்லாம் தினமும் கையில் புரளும். பாட்டன் பெயரிலேயே கிடக்கும் பட்டாவால் எத்தனை குடும்பங்கள் அலைகின்றன என்று முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தோடு, தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன்.

கேள்வி: என் மாமனார் 1984ல் கிரயம் வாங்கிக் கட்டிய வீடு. அவர் உயில் எழுதவில்லை. ஆறு வருடம் முன்பு இறந்தார். என் கணவர் இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார். மகனுக்கு 14 வயது. மாமியார் இருக்கிறார். கணவருக்கு ஒரு தம்பி, இரண்டு தங்கைகள். வீட்டை 15 லட்சத்துக்குக் கொடுக்கப் போவதாகக் கொழுந்தனார் சொல்கிறார். ‘அண்ணி, சும்மா ஒரு கையெழுத்துதான், பவர் எழுதிக் கொடுங்கள், உங்களுக்கு 2 லட்சம் தருகிறேன்’ என்கிறார். தங்கைகளுக்குச் சீர் செய்தாகிவிட்டது, பங்கு கிடையாதாம். ஆண் பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் பாதி எங்களுக்கு வர வேண்டாமா? (திருவண்ணாமலை மாவட்ட வாசகி)

பதில்: அம்மா, என் பதிலில் பாதி உங்களுக்குப் பிடிக்காது. முழுவதும் படித்துவிடுங்கள்.

பாதி வராது. மாமனார் சொந்தமாக வாங்கிய வீடு, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ன்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், இரண்டு நாத்தனார்கள் என்று ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அடுத்து, உங்கள் கணவரின் பங்கு உங்களுக்கும் மகனுக்கும் மட்டும் போகாது. பெற்ற தாயும் முதல் நிலை வாரிசு. ஆக அது மூன்றாகப் பிரியும். பலருக்கு இது தெரிவதில்லை.

வீட்டைப் பதினைந்து பங்காக வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்தனாருக்கு 3, நாத்தனார்களுக்கு மும்மூன்று, மாமியாருக்குத் தன் பங்கு 3, மகன் வழியில் 1, ஆக 4. உங்களுக்கு 1, உங்கள் மகனுக்கு 1. விலை 15 லட்சம் என்றால் உங்கள் இருவருக்கும் சேர்த்து 2 லட்சம். கொழுந்தனார் சொன்ன தொகை கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியில்லை. சீர் செய்ததால் மகளுடைய பங்கு போய்விடாது. ஒரு பேச்சுக்கு அவர் சொல்வதுபோல் தங்கைகளுக்குப் பங்கே இல்லை என்று வைத்துக்கொண்டால், வீடு மூன்றாகத்தான் பிரிய வேண்டும்: மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார். உங்கள் கணவரின் 5 லட்சத்தை மூன்றாக்கினால், உங்களுக்கும் மகனுக்கும் சேர்த்து 3,33,000 ரூபாய்க்கு மேல் வரும். அப்படியிருக்க அவர் 2 லட்சம்தான் சொல்கிறார். தங்கைகளைப் பங்கிலிருந்து எடுத்துவிட்டு, அவர்களுடைய 6 லட்சத்தைத் தன் பக்கம் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். நாத்தனார்கள் மனமுவந்து தம்பிக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது அவர்கள் இஷ்டம். யாரும் கேட்க முடியாது. பதிவான அந்தப் பத்திரத்தை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாத்தனார்களுக்கு நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்களுக்கு இந்த விற்பனை தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். கொழுந்தனார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பவர் கொடுத்தபின் என்ன விலைக்கு, யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்பது அவர் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். விற்பனை முடிவானால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்களே போய்க் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு எவ்வளவு என்பது பத்திரத்தில் இருக்கட்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

இனி உங்கள் மகன். அவனுடைய ஒரு பங்கை நீங்களும் விற்க முடியாது. தாய், இயற்கைப் பாதுகாவலர்தான். ஆனாலும் மைனருக்கு இப்படி வந்த தனிச் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்கிறது 1956ஆம் வருட இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அனுமதி கிடைத்தால் பையனின் பணத்தை அவன் பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போடச் சொல்வது வழக்கம். அனுமதி இல்லாமல் விற்றால், அவன் 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். இதை வாங்குகிறவரிடமும் சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்தவராக இருந்தால் அவரே காத்திருப்பார்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது மாமனாருடைய இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் கணவருடையது இரண்டும், 1984 பத்திரத்தின் நகல், எல்லாம் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, சட்டம் கேட்காத கேள்வி. வீட்டை விற்றபின் மாமியார் எங்கே இருப்பார்? அதிகப் பங்கு அவருடையதுதான். அவரிடம் யாராவது கேட்டார்களா?

கேள்வி: பக்கத்து ஊரில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. கிராம நத்தம். பட்டாவும் வீட்டு வரி ரசீதும் இருக்கின்றன, தாய்ப் பத்திரம் இல்லை என்கிறார்கள். வாங்கலாமா? (நாமக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: நத்தத்தில் பத்திரமே இல்லாமல் பல தலைமுறை குடியிருந்தவர்கள் நிறையப் பேர். அதனால் மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு வரி ரசீதை நம்பி வாங்காதீர்கள்; அது ஊராட்சிக்கு வரி கட்டியதற்கு அத்தாட்சியே தவிர, சொத்து யாருடையது என்பதற்கு அல்ல. நத்தம் பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, அவர் அப்பா பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் என்றால், முதல் கேள்வியின் பதிலை இன்னொரு முறை படியுங்கள். அரசு இலவசமாக ஒப்படை செய்த மனை என்றால் பட்டாவிலேயே நிபந்தனை இருக்கும். குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது என்றிருந்தால் கைவைக்காதீர்கள். ஓடை, குளம், வாய்க்கால் புறம்போக்கில் கட்டிய வீடு என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பிறகு டேப் எடுத்து அளங்கள். நத்தம் பட்டாவில் சதுர மீட்டர், பேச்சில் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ‘மூணு சென்ட்’ என்று விலை பேசினால் அது 121 சதுர மீட்டர் இருக்க வேண்டும். பட்டாவில் 96 என்றிருந்தால் அரை சென்ட்டுக்கு மேல் காணவில்லை என்று பொருள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு அவர்கள் முன்னாலேயே அளங்கள். பொதுச் சுவரா, கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுகிறது, மாட்டு வண்டி போகும் வழி யாருடையது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அதையெல்லாம் செக்குபந்தியில் எழுதுங்கள்.

வில்லங்கச் சான்று போடுவது உங்களுக்கே தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் 1975லிருந்து பார்க்கலாம். நான் முதன்முதலில் வீடு வாங்கியபோது, ‘13 வருஷத்துக்குப் போட்டால் போதும் சார்’ என்று தரகர் சொன்னதைக் கேட்டேன். அதற்கும் நான்கு வருடம் முன்னால் ஓர் அடமானம் பதிவாகியிருந்தது, தீர்க்கப்படாமல். அதைத் தீர்த்தது என் பணம்தான். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்ப்பேச்சில் பிரித்த பாகம் எதுவும் வில்லங்கத்தில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இவையெல்லாம் ஊரில் டீக்கடையில் விசாரித்தால்தான் தெரியும்.

கேள்வி: அட்வான்ஸ் ஒரு லட்சம் ரொக்கமாகக் கேட்கிறார். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாம் என்றும் சொல்கிறார். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் என்கிறது வருமான வரிச் சட்டம். இருவருமே விவசாய வருமானம் உள்ளவர்களாகவும், இருவருக்கும் வரி விதிக்கத்தக்க வருமானம் இல்லாமலும் இருந்தால் விலக்கு உண்டு. இருந்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். பின்னால் ‘கொடுக்கவே இல்லை’ என்றால் உங்களுக்குச் சாட்சி பாஸ்புக்தான். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பரிலிருந்து சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்ப் போதாது.

விலையைக் குறைத்துப் போட்டு என்ன மிச்சம்? முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போக முடியாது. நாளைக்குக் கிரயம் செல்லாது என்றாகிப் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, பத்திரத்தில் இருக்கும் தொகையைத்தான் உங்களால் நிரூபிக்க முடியும். அந்த யோசனை அவருக்கு லாபம், உங்களுக்கு இல்லை.

தென்னையில் வெள்ளை ஈ பற்றிக் கேட்டிருக்கும் பொள்ளாச்சி வாசகருக்கு அடுத்த இதழில் பதில். அதுவரை மருந்தடிக்க வேண்டாம். மஞ்சள் ஒட்டுப்பொறி மட்டும் கட்டி வையுங்கள்.